தண்ணீரில் யாரும் சாகாத போர்ப்படம்

எங்கள் பர்மா, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருந்தது. செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, கடற்கரையோரம் ஒரு சவுக்குத் தோப்பின் பக்கத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் படத்தில் அந்தத் தோப்புதான் இரண்டாம் உலகப்போர்க் காலத்து அடர்ந்த பர்மியக் காடு. சவுக்கு எந்தக் காலத்திலும் காடாகத் தெரியாது, வரிசை வரிசையாகப் பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்கிற மாதிரி நிற்கும் என்று நான் முதல் நாளே சொன்னேன். வாழையும் மூங்கிலும் முன்னால் நட்டுப் புகை போட்டால் உங்கள் வீட்டு மொட்டைமாடியைக்கூட பர்மா ஆக்கிக் காட்டுகிறேன் என்றார் கேமராமேன். புகை போட்டதும் எனக்கே உள்ளே போகப் பயமாக இருந்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் உதவி இயக்குநர். அப்பா செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார், வீடு திருக்கழுக்குன்றத்தில். பி.எட். சேராமல் சினிமாவுக்குப் போகிறேன் என்றதும் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஷூட்டிங் பக்கத்தில்தானே, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள் என்று அம்மாதான் சமாதானம் சொன்னாள். அப்படியே வந்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போருக்குப் போய், சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்பிய ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

என் வேலை கன்டினியூட்டி பார்ப்பது. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காதல் படம் என்றால் பொட்டையும் பூவையும் பார்த்தால் போதும். போர்ப்படத்தில் காயம். இடது முழங்கையில் கட்டுப் போட்டவன் டீ குடித்துவிட்டு வலது முழங்கையில் கட்டோடு வந்து சாவான். முந்தாநாள் குண்டடி பட்டுச் செத்தவன் இன்றைக்கு முன்வரிசையில் துப்பாக்கியோடு நிற்பான். கேட்டால், அது நான் இல்லை, என் தம்பி என்பான். ஆள் பற்றாக்குறை வேறு. காலையில் நம் படையாக இருந்தவர்களே மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொப்பியை மாற்றிக்கொண்டு எதிரிப் படையாகி, தங்களையே சுட்டுத் தள்ளினார்கள்.

அந்த ஆட்களெல்லாம் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். சென்னையிலிருந்து துணை நடிகர்களை அழைத்து வந்து பார்த்தோம். எல்லாருக்கும் தொப்பை, அலையைக் கண்டால் நடுக்கம். குப்பத்து ஆட்களுக்குச் சிப்பாய் உடுப்பை மாட்டிவிட்டதும், நிஜமாகவே மாசக்கணக்கில் காட்டில் திரிந்து வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். சாவதிலும் கெட்டிக்காரர்கள். அதிலும் ஒருவர் மணலில் சுருண்டு விழுந்து சாகிற அழகைப் பார்க்க எதிரிப்படையே கைதட்டும். அவர் மனைவி திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஒவ்வொரு தடவையும், வீட்டில் ஒரு குடம் தண்ணி எடுக்கச் சொன்னால் இந்தச் சுறுசுறுப்பு வராது என்பார்.

போர்ப்படம் என்றால் என்ன என்பதில் எங்கள் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. தயாரிப்பாளர் செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்திருந்தவர். போர் என்பது வெறும் சோறு, குழம்பு ஊற்றாமல் யார் சாப்பிடுவார்கள் என்பது அவர் கட்சி. ஒரு காதல், ஒரு கனவுப் பாட்டு, காமெடிக்கு ஒரு குண்டுச் சமையல்காரன், முடிந்தால் காட்டில் ஒரு பேய். பேய் எதற்கு சார் என்று கேட்டேன். அவ்வளவு பேர் செத்த இடத்தில் பேய் இல்லாமல் இருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

உள்ளுக்குள் நான் கொஞ்சம் தயாரிப்பாளர் கட்சிதான். பள்ளிக்கூட நாட்களில் செங்கல்பட்டுத் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் போர்ப்படங்கள் வரும். வசனம் ஒன்றும் புரியாது. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. எதுவுமே வெறும் போராக இருக்காது. ஒன்று சிறையிலிருந்து தப்பிக்கிற கதை, ஒன்று கொள்ளைக் கதை, ஒன்றில் இரண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் படாத பாடு படுவார்கள், நடுவில் ஊரே எரியும். சண்டைக் காட்சியில் தியேட்டர் விசிலடிக்கும். ஆனால் வெளியே வந்து நாங்கள் பேசிக்கொண்டது, சுரங்கத்துக்குள் அந்த ஆள் ரொட்டியை எங்கே ஒளித்து வைத்தான் என்பதைப் பற்றித்தான். குண்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது, ரொட்டி ஞாபகம் இருக்கும்.

இயக்குநருக்கு இதெல்லாம் ஆகாது. கலப்படம் என்ற வார்த்தையைத்தான் சொல்வார். அரிசி மண்டிக்காரரிடம் கலப்படம் என்று சொன்னால் சும்மா இருப்பாரா? பெரிய சண்டை நடந்தது. கடைசியில் சமையல்காரன் உள்ளே வந்தான், கனவுப் பாட்டு அணிவகுப்புப் பாட்டானது, பேய் கைவிடப்பட்டது. ஆனால் கடைசிக் காட்சியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பர்மாவிலிருந்து தப்பிவரும் சிப்பாய்களின் படகு கரைக்குப் பக்கத்தில் கவிழும். எல்லாரும் சாவார்கள். விடியும்போது அலை முழுக்கப் பிணங்கள் மிதக்கும். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது, அதோடு படம் முடிந்தது.

அந்தக் காட்சிக்காகத்தான் அவர் பல வருஷம் யார் யாரிடமோ அசிஸ்டென்டாகக் காத்துக்கிடந்தார் என்பது யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் அப்பா ராணுவத்தில் இருந்தவர். வடக்கே எல்லைச் சண்டையில் மலைமேல் இறந்துபோனார். உடல் வரவில்லை, தந்தி மட்டும் வந்தது. இவருக்கு அப்போது ஆறு வயசு. அப்பா எப்படி இருப்பார், எப்படிச் சிரிப்பார், எதுவும் ஞாபகமில்லை. அம்மாவிடம் கேட்டால், சாப்பிட்டுவிட்டுப் படு என்பாராம். மலையும் விமானமும் காட்ட வசதியில்லாததால்தான் பர்மாவை எடுத்துக்கொண்டார். காடும் மழையும் ஆட்களும் இருந்தால் பர்மா வந்துவிடும். அப்பாவின் சாவை ஒரு தடவையாவது அம்மாவும் தானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால், அப்புறம் அம்மா பேசிவிடுவார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. ஆனாலும் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இயக்குநரின் அம்மாவோ, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லேசில் மசிகிற ஆள் இல்லை. வாரம் இரண்டு தடவை கேரியர் நிறைய எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவார். பையனுக்கு என்று பேர், சாப்பிடுவது நாங்கள். வந்தவர் சும்மா உட்கார மாட்டார். சிப்பாய்களின் பொய்க்காயத்துக்கு நடுவில் நிஜச் சிராய்ப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து மருந்து போடுவார். குப்பத்துப் பெண்களுக்கு பிரஷர் பார்ப்பார், உப்பைக் குறை என்று திட்டுவார். கருவாடு காயப்போடுகிறவர்களிடம் போய் உப்பைக் குறைக்கச் சொல்லுகிற துணிச்சல் அவருக்குத்தான் உண்டு. அவர்களுக்கும் நர்சம்மா என்றால் உயிர்.

ஆனால் துப்பாக்கியை வெளியே எடுத்தால் போதும், எழுந்து தோப்பின் அந்தக் கோடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். படம் நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், நான் மட்டும் பார்க்க வர மாட்டேன் என்று முதல் நாளே மகனிடம் சொல்லிவிட்டார். ஏன் என்று மகன் கேட்கவில்லை. பரவாயில்லைம்மா என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்று சொன்னவர் அன்றைக்கு முழுக்க ஒரு ஷாட்டுக்கும் ஒழுங்காக 'கட்' சொல்லவில்லை.

காட்டுச் சண்டையெல்லாம் முடிந்து கடைசியில் கடலுக்கு வந்தோம். இயக்குநர் எல்லாரையும் மணலில் உட்காரவைத்து விளக்கினார். படகு கவிழும், நீங்களெல்லாம் செத்துப்போய்க் குப்புற மிதப்பீர்கள், அலை உங்களைக் கரைக்குத் தள்ளும். அவர் சொல்லி முடித்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அழகாகச் சாகிற நம் ஆள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் கழற்றினார்கள். மீன் விற்கிற அவர் மனைவிதான் முன்னால் வந்தார்.

"மணல்ல எத்தினி வாட்டி வோணா சாவச் சொல்லு சார், சாவுவாங்க. தண்ணில ஒருத்தனும் பொணமா கெடக்க மாட்டான். நாளைக்கு அதே தண்ணிக்குத்தான் நான் அந்த ஆள அனுப்பணும்."

இது நடிப்புதானேம்மா என்றார் இயக்குநர்.

"நமக்கு நடிப்புன்னு தெரியும். அதுக்கு இன்னா தெரியும்?" என்று கடலைக் காட்டினார் அந்த அம்மா.

ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவன் கடலில் பிணமாகக் கிடந்து காட்டினால், கடலம்மா அதை வேண்டுதல் என்று எடுத்துக்கொள்வாளாம். இயக்குநருக்குக் கோபம் வந்தது, மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையை விட்டார். நான் அவரைத் தனியே அழைத்துப்போய் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. முதல் நாள் கேமராவுக்குக் கற்பூரம் காட்டினவர்கள் நாம். ராகுகாலம் முடிகிறவரை முதல் ஷாட்டை நிறுத்திவைத்தவர்கள். கடைசி நாள் உடைப்பதற்கு வாங்கிய பூசணிக்காய் ஜெனரேட்டர் வண்டியில் உருண்டுகொண்டிருக்கிறது. நாம் போய் இவர்களிடம் மூடநம்பிக்கை பேசினால் நன்றாகவா இருக்கும்? அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

சிரித்தாரே தவிர விடவில்லை. வைக்கோல் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டி மிதக்கவிட்டுப் பார்த்தோம். அவை பிணம் மாதிரி மிதக்கவில்லை, ஜாலியாக மல்லாந்து கிடந்தன. அதில் ஒன்று அலையில் தப்பித்துத் தெற்கே போய்விட்டது. தூரத்துக் குப்பத்துப் படகு ஒன்று அதைப் பார்த்து, ஏதோ ஆள் என்று அலறியடித்துக்கொண்டு தூக்கிப் படகில் போட்டு, முகத்தைத் திருப்பினால் வைக்கோல். அவர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் பர்மாவுக்கு வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எங்கள் இயக்குநர் மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பொம்மைக்குக் கற்பூரம் சுற்றி எரிக்கச் சம்மதித்த பிறகுதான் போனார்கள். எல்லாரும் போனபின் நான் தோப்புக்குள் ஓடி வயிறு வலிக்கச் சிரித்தேன். அங்கே ஏற்கெனவே கேமராமேன் சிரித்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து வரவழைத்த பெரிய லென்ஸை மறுநாள் திருப்பி அனுப்பியாக வேண்டும். இயக்குநர் இறங்கிவந்தார். சரி, யாரும் சாக வேண்டாம், படகைக் கவிழ்த்துவிட்டு நீந்திக் கரைக்கு வாருங்கள், தத்தளிக்கிற ஷாட்டாவது கிடைக்கட்டும், செத்ததாக எடிட்டிங்கில் காட்டிக்கொள்கிறேன் என்றார். நீந்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்று படகு கிளம்பியது. கரையில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பெண்களை நிறுத்தினோம். கயிற்றைப் பிடித்துக்கொள்ள என்னை விட்டார்கள். காலையிலிருந்து ஒத்திகையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தப் படகு எப்போது கவிழும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படகுகள் கவிழ்ந்தன. ஒரு பெரிய அலை வந்து தலைகள் எல்லாவற்றையும் மூடியது.

அவ்வளவுதான், கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போயிற்று. மீன்காரம்மா முன்னால், மற்றவர்கள் பின்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக அலைக்குள் ஓடினார்கள். வெளியே வருகிறவனின் காலரைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் அறைந்தார்கள், திட்டினார்கள். ஒருத்தி புருஷனின் ராணுவத் தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவனை அடித்தாள். மீன்காரம்மா ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். ஆட்களை விரல் நீட்டி எண்ணக் கூடாதாம், தொட்டுத்தான் எண்ண வேண்டுமாம். எல்லாரும் வந்தாயிற்று என்று தெரிந்ததும் அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

எனக்கோ பதற்றம். நைலக்ஸ் புடவை, பிளாஸ்டிக் கூடை, ரப்பர் செருப்பு எல்லாம் பர்மாவுக்குள் நுழைந்துவிட்டது. 'கட்' சொல்லுங்கள் என்று இயக்குநரைப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. கேமராமேன் கண்ணை எடுக்கவில்லை. ரோல் தீர்ந்து கேமரா தானாக நின்றது.

அன்று சாயங்காலம் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். நான் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவரைப் பார்த்து நின்றேன். அந்தப் பெண்கள் ஓடியதைத்தான் எடுக்க வேண்டும் சார், நம் கரையிலேயே படகு கவிழ்ந்ததாக மாற்றிக்கொள்ளலாம், இந்தக் கடற்கரை பர்மாவாக நடித்தது போதும் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் திரும்பி வந்துட்டாங்கன்னு நான் எப்படிம்மா படம் எடுப்பேன்? எங்கப்பா வரலையே" என்றார்.

அங்கேயே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன். அன்றைக்கு என் அப்பாதான் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். பல மாசத்துக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை, 'போர் முடிஞ்சுதா?' என்பது.

இயக்குநர் கேட்டதற்குப் பதில், நெகடிவைக் கழுவிப் போட்டுப் பார்த்தபோது கிடைத்தது. சென்னையில் ஒரு சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். திரையில் பெண்கள் ஓடினார்கள், இழுத்தார்கள், அடித்தார்கள், சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், பருத்திப் புடவையோடு இயக்குநரின் அம்மா. அவர் எப்போது ஓடிவந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, கேமராமேனும் அன்று குப்பத்துப் பெண் யாரோ என்றுதான் நினைத்திருந்தார். அன்றைக்கும் தோப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். முதலில் ஒருவர் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார், இன்னொருவர் மூக்கைத் துடைக்கிறார், எல்லாம் நர்ஸ் வேலை. பிறகு எல்லாரும் கரையேறிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. காலியான கடலையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஒரு ஆள் பாக்கி என்பதுபோல. அதோடு ரோல் தீர்ந்தது.

விளக்கைப் போட்டபோது இயக்குநர் அழுதுகொண்டிருந்தார். கேமராமேன் சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லி நழுவினார், அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

கதையை மாற்றினோம். காட்டில் பலர் சாவார்கள், அது போர். மிச்சப் பேர் சொந்தக் கரைக்கு எதிரே கவிழ்ந்து, குப்பத்துப் பெண்களால் காப்பாற்றப்படுவார்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று அலைந்து பழைய பருத்திப் புடவைகளைச் சேகரித்து, பெண்களுக்குக் கட்டிவிட்டேன், மறுபடி எடுத்தோம். அப்படியும் ஒரு பிளாஸ்டிக் கூடை தப்பி உள்ளே வந்துவிட்டது. டப்பிங்கில் குரல் கலைஞர்கள் எவ்வளவு கத்தியும் ஒட்டவில்லை. குப்பத்துப் பெண்களையே வேனில் சென்னைக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் நின்று, திரையில் வருகிற புருஷனைப் பார்த்து அவர்கள் திட்டிய திட்டில் சவுண்டு எஞ்சினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். தயாரிப்பாளருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். போர்ப்படமாகப் போட்ட விதை குடும்பப் படமாக முளைத்துவிட்டது, அதுவும் கலப்படம் இல்லாமல் என்று ஊரெல்லாம் சொன்னார்.

கடைசி ஷாட்டை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. காலியான கடலும் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண்ணும். அவர் கையில் கடிகாரம் தெரிகிறது சார், அந்தக் காலத்துக் குப்பத்தில் ஏது கைக்கடிகாரம் என்று என் கடமைக்குச் சொன்னேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் இயக்குநர். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் வரப்போவதில்லையே, பார்த்தால்தானே கோபித்துக்கொள்ள என்றார். ஆனால் அந்தப் பயத்திலேயே அவர் இளைத்துப்போனார். அம்மா வராமல் போய்விடுவாரோ என்று ஒரு பயம், வந்துவிடுவாரோ என்று ஒரு பயம்.

படம் வெளியான முதல் ஞாயிறு, குப்பமே இரண்டு வேன் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்தது. தலை நிறையப் பூவும் பட்டுப் புடவையுமாக, கல்யாணத்துக்கு வந்த மாதிரி. தியேட்டருக்கு நேராக வரவில்லை. முதலில் நர்சம்மா வீட்டுக்குப் போனார்கள். நானும் இயக்குநரும் தியேட்டர் வாசலில் நின்றிருக்கிறோம், மீன்காரம்மா நர்சம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். துப்பாக்கி வந்தால் எழுந்து போய்விடுவேன் என்று அவர் வழியெல்லாம் நிபந்தனை போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் மூஞ்சி வருகிற இடத்துக்கு மட்டும் இருந்தால் போதும் என்று அவர்கள் சமாதானம் சொன்னார்கள். மகனைப் பார்த்து, இவர்களுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொன்னபடியே முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கு எழுந்து வெளியே போய், கேன்டீன் பெஞ்சில் முறுக்கு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே குப்பத்து ஆட்கள் செத்துச் செத்து விழும்போதெல்லாம் அவர்கள் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தன. இயக்குநர் உயிரைக் கொடுத்து எடுத்த சோகக் காட்சி அது. அழகாகச் சாகிற ஆள் விழுந்தபோது 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். நான் இயக்குநரைப் பார்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். படகு வந்ததும் மீன்காரம்மா ஓடிப்போய் நர்சம்மாவை இழுத்துக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

பெண்கள் திரையில் ஓடியதும் தியேட்டர் இடிந்து விழாத குறை. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு விசில், ஒரு கூச்சல். கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் கூட்டம் கரைந்து, அவர் மட்டும் நின்றார். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் நர்சம்மா என்று கத்திவிட்டு, தாங்களாகவே அமைதியானார்கள்.

இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். முதுகு இவ்வளவு கூனாகவா இருக்கிறது, சொல்லக் கூடாதா என்றார் முதலில். பிறகு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உங்கப்பா நல்லா நீந்துவார்டா. கொளவாய் ஏரியில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போவார். எனக்குக் காட்டறதுக்குன்னே போவார். நான் அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நிப்பேன். பாதி தூரம் போயிட்டுக் கையைத் தூக்கி ஆட்டுவார் பாரு, எனக்குச் சிரிப்புத் தாங்காது."

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. விளக்கு போட்டார்கள், பேசினார். கூட்டம் வெளியே போயிற்று, பேசினார். அப்பா ஈரத்தோடு சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கியது, பாட்டு வராமல் பாடியது, மகன் பிறந்த அன்று ரயில் ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்தது. குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்று சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். இயக்குநர் வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைப்பத்தோடு வந்த தியேட்டர்காரர், படம் முடிந்துவிட்டது, அடுத்த காட்சிக்கு ஆள் விட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அது இயக்குநர் காதில் விழுந்துவிட்டது. திரும்பாமலேயே கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.